கையெழுத்துக்கு முன் ஒரு வரி

மூச்சுத் திணறலோடு வீட்டுப் பெரியவர் ஒருவரை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறீர்கள். உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அரை மணி நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் வெளியே வருகிறார். "வென்டிலேட்டர்ல போடணும், இதுல கையெழுத்துப் போடுங்க" என்கிறார். "போடலைன்னா?" என்று கேட்டால், "அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்கிறார்.

இரண்டே கதவு. ஒன்று தொண்டைக்குள் குழாய். இன்னொன்று வீட்டு வாசல். கையில் பேனாவோடு நிற்கிற மகனுக்கோ மகளுக்கோ யோசிக்க இரண்டு நிமிடம்.

இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு கதவு இருக்கிறது. முகத்தில் இறுக்கமாக மாஸ்க் பொருத்தி, அதன் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்குத் துணை செய்யும் முறை அது. சில நோயாளிகளுக்கு அதைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. அப்படி ஒன்று இருப்பதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தவறு. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த தொழில் ஃபைல். அந்தத் தொழிலில் முதல் வருஷமே கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஒரு விஷயத்தை மேலதிகாரியின் கையெழுத்துக்கு வைக்கும்போது, அதில் எத்தனை வழி உண்டோ அத்தனையும் நோட் ஷீட்டில் எழுத வேண்டும். "அ" என்றால் இன்ன செலவு, "ஆ" என்றால் இன்ன சிக்கல், "இ" விதிப்படி கூடாது, காரணம் இது. எழுதிவிட்டு, பிறகுதான் "உத்தரவுக்காக" என்று கீழே போட வேண்டும். ஒரு வழியை மட்டும் எழுதி இன்னொன்றை மறைத்து வைத்தால், ஃபைல் பறந்து வந்து முகத்தில் விழும். பெஞ்சு நாற்காலி வாங்குகிற ஃபைலுக்கே இந்த மரியாதை. மனித உயிருக்கு அதுகூட இல்லையா?

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். என் வயதுக்காரர்கள் பலர் ஆக்சிஜன், பைபாப், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பம் இருக்கிற வரைக்கும் நம்மால் கேள்வி கேட்க முடியாது.

நுரையீரல் செய்கிற வேலை இரண்டு. ஆக்சிஜனை உள்ளே எடுப்பது ஒன்று. கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இன்னொன்று. நிமோனியா மாதிரி நோய்களில் முதல் வேலை கெடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. நாள்பட்ட புகைப் பழக்கத்தாலோ, விறகடுப்புப் புகையைப் பல காலம் சுவாசித்ததாலோ வருகிற சி.ஓ.பி.டி. என்னும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய் முற்றினால் இரண்டாவது வேலையும் கெடுகிறது. மூச்சு இழுக்கும் தசைகள் களைத்துப்போகின்றன. கரியமில வாயு வெளியேறாமல் தேங்குகிறது. ரத்தம் அமிலமாகிறது. ஆள் உளறுகிறார், தூங்கி வழிகிறார், கடைசியில் நினைவு தப்புகிறது.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும். கரியமில வாயுவைக் காட்டாது. அதைப் பார்க்க மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு எடுக்கிற ரத்த வாயுப் பரிசோதனை வேண்டும். ஏ.பி.ஜி. என்பார்கள். ஆக்சிமீட்டரில் 96 காட்டுகிறது, அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகலாம்.

அதனால்தான் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஆக்சிஜனைத் திறந்துவிட்டு 100 காட்ட வைப்பது நல்லதல்ல. அவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பது கணக்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றிய 405 பேரிடம் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள். அளந்து கொடுத்தவர்களில் 4 பேர். "ஆக்சிஜன் நல்லதுதானே, கொஞ்சம் கூட்டி வைங்க சிஸ்டர்" என்று நாமே சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

இனி கருவிகள். குழாய் போடாமல் மூச்சுக்குத் துணை செய்ய மூன்று முக்கிய வழிகள் இருக்கின்றன.

முதலாவது ஹை ஃப்ளோ. மூக்கில் சற்றுப் பெரிய குழல் வைத்து, சூடாக்கி ஈரப்படுத்திய காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்துவது. கொரோனா காலத்தில் இந்தப் பெயர் நம் காதில் விழுந்தது. முழு ஆக்சிஜனில் 60 லிட்டர் வைத்தால், 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது. 2021-ல் ஊர் ஊராக ஆக்சிஜன் தீர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இரண்டாவது சிபாப். மாஸ்க் வழியாக ஒரே சீரான அழுத்தம். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாகக் கை கொடுக்கும். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் வீட்டில் வைத்துக்கொள்வதும் இதைத்தான். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் அந்த நோய்க்குத்தான் இதை முதலில் பயன்படுத்தினார்.

மூன்றாவது பைபாப். இதில் அழுத்தம் இரண்டு. மூச்சு இழுக்கும்போது கூடுதலாகத் தள்ளும். விடும்போது குறைத்துக்கொள்ளும். களைத்துப்போன தசைக்கு ஒரு கை கொடுத்த மாதிரி. கரியமில வாயு தேங்கியவர்களுக்கு ஏற்றது இதுதான். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி ரத்த வாயு பார்த்தால், வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இந்த மூன்றிலும் தொண்டைக்குள் எதுவும் போகாது. பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டாம். இடையில் மாஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கலாம். பேரனிடம் இரண்டு வார்த்தை பேசலாம். இருமிச் சளியைத் துப்பலாம். குழாய் போட்டால் இது எதுவும் இல்லை. மயக்கத்தில் கிடத்துவார்கள். குழாய் வழியே கிருமி இறங்கி வென்டிலேட்டர் நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு. எங்கள் வயதில் ஒருமுறை குழாயில் ஏறினால் இறங்குவது கஷ்டம்.

இது நேற்று முளைத்த வித்தையும் கிடையாது. குழாய்க்கு முந்தியதே குழாய் இல்லாத முறைதான். 1928-ல் பாஸ்டனில் ஃபிலிப் டிரிங்கர் என்பவர் செய்த இரும்பு நுரையீரல், போலியோ குழந்தையின் உடலைத் தலை மட்டும் வெளியே தெரிய ஒரு பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சியும் விட்டும் மூச்சு விட வைத்தது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பெரிதாகப் பரவியபோது பெட்டிகள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை இரவு பகலாக முறை போட்டுக் கையால் பை அமுக்க வைத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். குழாயின் ஆட்சி அங்கிருந்துதான் தொடங்கியது. அது செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. குழாயை நான் பழிக்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் அதுவே முதல் வழி என்ற எண்ணம் 1995-லேயே உடைந்துவிட்டது. பிரெஞ்சு மருத்துவர் லோரான் புரோஷாரும் கூட்டாளிகளும் சி.ஓ.பி.டி. முற்றி வந்த 85 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். 42 பேருக்கு வழக்கமான சிகிச்சை. 43 பேருக்கு அதோடு மாஸ்க். வழக்கமான சிகிச்சை பெற்ற 42 பேரில் 31 பேருக்குக் குழாய் போட வேண்டி வந்தது. மாஸ்க் வைத்த 43 பேரில் 11 பேருக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் அங்கே 12, இங்கே 4. நான் பிரெஞ்சில் பள்ளிப் படிப்பு முடித்தவன். ஓய்வுக்குப் பிறகு பிரெஞ்சுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது ஒரு பொழுதுபோக்கு. அவர்கள் இதை வே.என்.இ. என்று மூன்றெழுத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நாம் பி.பி., சுகர் என்று சொல்கிற மாதிரி.

இதற்கு ஐ.சி.யூ. வேண்டாமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 14 மருத்துவமனைகளின் சாதாரண வார்டுகளில், வார்டு நர்ஸ்களைக் கொண்டே 236 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2000-ல் வெளிவந்தது. மாஸ்க் இல்லாத 118 பேரில் 24 பேர் இறந்தார்கள். மாஸ்க் வைத்த 118 பேரில் 12 பேர். சரிபாதி. ரத்தம் மிக அதிகமாக அமிலமாகிவிட்டவர்களுக்கு வார்டு போதாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

இப்போது நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

என்னோடு ஒரே செக்ஷனில் பதினோரு வருஷம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நண்பர். பீடி, பிறகு சிகரெட். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மாடி ஏறினால் மேல்மூச்சு வாங்கும். ஒரு மார்கழி மாதம் சளி பிடித்து மூச்சு முட்ட, மகன் நள்ளிரவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறார். வீட்டுச் சாவியை எங்கே வைத்தாய் என்று மகனிடம் கேட்டிருக்கிறார். மேலே நான் எழுதிய இரண்டு கதவுக் கேள்வி அவனிடம் கேட்கப்பட்டதுதான். கையெழுத்துப் போட்டான். விடிந்து நான் போனபோது குழாய் போட்டாயிற்று. பத்து நாள் கழித்துக் கழுத்தில் துளை. பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். அந்தப் பத்தொன்பது நாளில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒருநாள் கையில் பேனா கொடுத்துப் பார்த்தோம். கோணல் கோணலாக இரண்டு கோடு போட்டார். வாழ்நாள் முழுக்க அழகாக நோட் எழுதிய கை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி என்னிடம் கேட்டார். "அண்ணே, மாஸ்க் மாதிரி ஒரு மெஷின் இருக்குதாமே. எதிர் வீட்டு அம்மாவுக்கு அதை வெச்சு நாலு நாள்ல அனுப்பிட்டாங்க. இவருக்கு ஏன் வெக்கலை?"

மகனை விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்கிறது. வந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். வந்தபோது எடுத்த ரத்த வாயு இருக்கிறது. கரியமில வாயு 82 என்று இருக்கிறது. நாற்பதைச் சுற்றி இருக்க வேண்டியது. நோயாளி விழித்திருக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார் என்று இருக்கிறது. அடுத்த வரி, குழாய் போட முடிவு. மாஸ்க் வைத்துப் பார்த்தார்களா? இல்லையென்றால், ஏன் இல்லை? அதற்கு ஒரு வரி இல்லை.

மாஸ்க் வைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். புரோஷார் கணக்கிலேயே மாஸ்க் வைத்த 43 பேரில் 4 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனை அன்றிரவு எடுத்த முடிவுக்குத் தகுந்த காரணமும் இருந்திருக்கலாம். வாந்தி எடுத்திருக்கலாம். சளி அடைத்திருக்கலாம். ஆனால் காரணம் இருந்தால் எழுதியிருக்க வேண்டாமா? எழுதாத காரணம் காரணமே இல்லை என்பது ஃபைல் படித்தவன் பாடம். அந்த அம்மாவின் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது. அந்த ஃபைலிலும் கிடையாது.

டாக்டர்கள் தரப்பில் சொல்வதையும் கேட்க வேண்டும். நான் பலரிடம் கேட்டேன்.

"அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது?" என்றார் ஒருவர். மூச்சு நின்றுவிட்டவருக்கு நேரம் இல்லைதான். அப்போது யாரையும் கேட்க வேண்டாம், குழாய் போடுங்கள். உயிரைக் காக்கும் அவசரத்தில் சம்மதம் இல்லாமலே செய்யச் சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் கையெழுத்து வாங்க நேரம் இருக்கிறதென்றால், ஒரு வாக்கியம் சொல்லவும் நேரம் இருக்கிறது. "மாஸ்க் வெச்சுப் பார்க்கலாம், ஒரு மணி நேரத்துல சரிப்படலைன்னா குழாய்." இதைச் சொல்லப் பத்து விநாடி ஆகாது.

"மாஸ்க்கையே நம்பித் தாமதித்தால் ஆள் போய்விடுவார்" என்றார் இன்னொருவர். இது முழுக்க உண்மை. மாஸ்க் தோற்றுக்கொண்டிருக்கும்போது குழாயைத் தள்ளிப்போடுவது ஆபத்து. நிமோனியா மாதிரி ஆக்சிஜன் மட்டும் இறங்குகிற நோயில் பைபாப் பெரிய நன்மை தருவதில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 310 பேரிடம் செய்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு மாஸ்க்கைவிட ஹை ஃப்ளோவில்தான் இறப்பு குறைவாக இருந்தது. நுரையீரலில் நீர் கோத்த 1,069 பேரிடம் பிரிட்டனில் செய்து 2008-ல் வந்த ஆய்வில், மாஸ்க் மூச்சுத் திணறலைச் சீக்கிரம் தணித்தது. ஆனால் இறப்பைக் குறைக்கவில்லை. ஆக எல்லோருக்கும் மாஸ்க் என்று நான் கொடி பிடிக்கவில்லை. யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் டாக்டர்தான். பிரித்துப் பார்த்தேன் என்பதை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"மாஸ்க்கை நோயாளியே பிடுங்கிப் போடுகிறார், என்ன செய்வது?" இதுவும் உண்மை. முகத்தில் இறுக்கிக் கட்டி, புயல் மாதிரி காற்று அடித்தால் யாருக்கும் பயம் வரும். மூக்குத்தண்டில் புண் வரும். வாய் உலரும். வயிற்றில் காற்று ஏறும். பக்கத்தில் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலோர் பழகிக்கொள்கிறார்கள். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும். குழாய் போட்டு மயக்க மருந்து கொடுத்துவிட்டால் நோயாளி தொந்தரவு செய்ய மாட்டார். இதுதான் உண்மையான காரணம் என்றால், அதை மருத்துவக் காரணம் என்று சொல்லாதீர்கள்.

"பைபாப் மெஷின் காலி இல்லை." இந்தப் பதிலைத்தான் நான் மதிக்கிறேன். நேர்மையான பதில். ஆனால் அதைக் குடும்பத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால், இருக்கிற இடத்துக்குக் கொண்டு போகலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மெஷின் இல்லாத குறை நோயாளியின் நோய்க்குறியாக மாறக் கூடாது.

சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். என் மைத்துனருக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தபோது, ஓர் அரசு மருத்துவமனையின் இரவுப் பணி டாக்டர், மகள் வயதுப் பெண், எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஐயா, இப்ப மாஸ்க் வெக்கிறேன். நீர் பிரிய ஊசியும் போட்டிருக்கேன். ஒரு மணிக்கு மறுபடி பார்ப்பேன். முடியலைன்னா குழாய் போடணும். அதுக்கு உங்க விருப்பம் என்னன்னு இப்பவே பேசி வெச்சுக்குங்க." ஒன்றரை நிமிடம் பேசியிருப்பார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மைத்துனர் மறுநாள் காலை மாஸ்க்கை எடுத்துவிட்டு காபி கேட்டார். மாஸ்க் வேலை செய்யாமல் போயிருந்தாலும் அந்தப் பெண்ணை நாங்கள் குறை சொல்லியிருக்க மாட்டோம். சொன்ன டாக்டரை யாரும் அடிக்கப் போவதில்லை. சொல்லாத இடத்தில்தான் சந்தேகம் வளர்கிறது, கண்ணாடி உடைகிறது.

அப்படிச் சொல்வது டாக்டரின் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது சட்டம். 2008 ஜனவரி 16-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்மதம் கேட்கும்போது, செய்யப் போவது என்ன, அதனால் என்ன பயன், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, மறுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். "வேறு வழி உண்டா" என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் புள்ளிக்கோட்டின் மேல் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் என்று நாம் பெருமை பேசுகிறோம். அதன் வாரிசாக ஜிப்மர் நிற்கிறது. இந்த ஊரில் ஒரு சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடிப்பது அவ்வளவு பெரிய காரியமா?

ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு வரி. கரியமில வாயு தேங்கியோ நுரையீரலில் நீர் கோத்தோ வருகிற ஒவ்வொரு நோயாளியின் ஃபைலிலும், குழாய்ச் சம்மதத்துக்கு மேலே ஒரு வரி இருக்க வேண்டும்: "மாஸ்க் முறை முயலப்பட்டது, இத்தனை மணி நேரம், பலன் இது." அல்லது, "மாஸ்க் முறை முயலப்படவில்லை, காரணம் இது." எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் கோலால் மேசையைத் தட்டி "பூர்குவா?" என்பார். ஏன்? காரணம் சொல்லாதவனுக்குச் சரியான விடைக்கும் பாதி மார்க்தான். அந்தப் பாதி மார்க்கை நம் மருத்துவமனைகள் இழக்க வேண்டாம். அரசு ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், இந்த வரி படிவத்தில் ஏறிவிடும். சுற்றறிக்கை போடுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கு நானே டிராஃப்ட் போட்டிருக்கிறேன்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற எழுபது வயதுக்காரர்களே, இன்றே இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, நான்கு கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளிடம் கொடுங்கள். ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டுங்கள். ரத்த வாயு பார்த்தீர்களா, கரியமில வாயு எவ்வளவு? மாஸ்க் வைத்துப் பார்க்கலாமா, முடியாதென்றால் ஏன்? வைத்தால் எத்தனை மணிக்கு மறுபடி பார்ப்பீர்கள்? குழாய் போட்டால், எடுத்துவிட வாய்ப்பு எவ்வளவு? சண்டை போடுகிற குரலில் கேட்க வேண்டாம். டாக்டரும் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்தான்.

இரண்டு, உங்கள் விருப்பத்தைத் தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். "மாஸ்க் வரை சரி, குழாய் வேண்டாம்" என்று முடிவு செய்கிற உரிமை உங்களுக்கு உண்டு. நோய் முற்றிய சிலருக்கு மாஸ்க்கே கடைசி எல்லை என்று வைத்துச் சிகிச்சை செய்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறைதான். அதே போல, "எனக்குக் குழாயும் போடுங்கள், நான் போராடத் தயார்" என்று எழுதவும் உரிமை உண்டு. முன்கூட்டியே எழுதி வைக்கிற மருத்துவ விருப்ப ஆவணத்தை 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் என்று வைத்திருந்ததை 2023 ஜனவரி 24-ல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ அத்தாட்சி கொடுத்தால் போதும் என்றது. நம்மில் எத்தனை பேர் கெஜட்டட் கையெழுத்துக்காக வராந்தாவில் காத்திருந்திருக்கிறோம்! இதற்கு ஒருமுறை காத்திருக்கலாம்.

என் ஆவணத்தைப் போன மாதம் எழுதி முடித்தேன். என் வீட்டுக்காரி படித்துப் பார்த்துவிட்டு, "இதுலயும் அ, ஆ, இ-ன்னு போட்டிருக்கீங்களே" என்றாள். போட்டிருக்கிறேன். "அ"வில் மாஸ்க். "ஆ"வில் குழாய், எத்தனை நாள் வரை என்ற வரம்போடு. "இ"யில் போதும் என்று எப்போது விட வேண்டும் என்பது. மூன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் என் மகன் பேனாவோடு தனியாக நிற்கக் கூடாது.